எப்படி வெட்ட வேண்டும்? – ஒரு கேள்வியின் வரலாறு

சிகையலங்கார நிலையமொன்றின் கதிரையில் அமர்ந்து, கழுத்தைச் சுற்றித் துணி கட்டப்பட்டதும் நம்மை நோக்கி வருகின்ற முதற் கேள்வி "எப்படி வெட்ட வேண்டும்?" என்பதாகும். யாழ்ப்பாணத்திலே "எப்பிடி வெட்டுறது?" என்பார்கள். கொழும்பிலும் சென்னையிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் மொழி மாறலாம், கேள்வி மாறுவதில்லை. நம்மிற் பெரும்பாலானோர் அளிக்கும் விடையும் ஏறக்குறைய ஒன்றுதான். "வழமை போல" என்போம். அல்லது "கொஞ்சம் குறைச்சு விடுங்கோ" என்போம். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பது சொன்னவருக்கும் தெளிவில்லை, கேட்டவருக்கும் தெளிவில்லை. அரை மணி நேரத்தின் பின்னர் கண்ணாடியிலே தெரியும் தலையைப் பார்த்து, "நல்லாயிருக்கு" என்று மனமில்லாமற் சொல்லிவிட்டு, வீடு வந்து வருந்துவோர் எத்தனை பேர்!

இது சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய விடயம் என்றே பலரும் நினைப்பர். ஆனால், அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. மனித குலத்தின் பெரும்பகுதியினரிடம் மிக நீண்ட காலமாக அந்தக் கேள்வி கேட்கப்படவேயில்லை என்பதே அந்த வரலாற்றின் சாரம். தலை நம்முடையதாக இருந்தது. அதன் மீதுள்ள மயிர் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதை அரசும் சாதியும் சமயமும் குடும்பமும் தீர்மானித்தன. (தமிழகத்து வாசகர்கள் "மயிர்" என்ற சொல்லைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். ஈழத்திலே அது வசைச் சொல்லன்று. தலைமயிர் வெட்டப் போகிறேன் என்று மூத்தோர் முன்னிலையிலும் தயக்கமின்றிச் சொல்வோம்.)

மன்னனிடம் கேட்கப்பட்ட கேள்வி

நானறிந்த வரையில் இக்கேள்வி இடம்பெறும் மிகப் பழைய கதைகளுள் ஒன்று கிரேக்க உலகத்தைச் சேர்ந்தது. கி.மு. 413 முதல் 399 வரை மக்கெடோனியாவை ஆண்ட மன்னன் ஆர்க்கெலாவோஸிடம் வாயாடியான ஒரு நாவிதர், எவ்வாறு வெட்டட்டும் என்று கேட்டாராம். "பேசாமல் வெட்டு" என்ற பொருளில் மன்னன் விடையளித்தானாம். இதனைப் புளூட்டார்க் பதிவு செய்துள்ளார்.

நாவிதர்கள் ஓயாது பேசுவார்கள் என்பதற்கு இந்தக் கதையை எடுத்துக் காட்டுவது வழக்கம். எனக்கு அதிலே வேறொன்று தெரிகின்றது. கேள்வி கேட்கப்பட்டது ஒரு மன்னனிடம். அவனுடைய அடிமைகளிடமோ போர்வீரர்களிடமோ எவரும் அவ்வாறு கேட்டிருப்பார்கள் என்று எண்ண இடமில்லை.

அரசாணையும் கத்தரிக்கோலும்

சீனாவை எடுத்துக் கொள்வோம். 1644 இல் மஞ்சு இனத்தவர் பீஜிங்கைக் கைப்பற்றிச் சிங் அரச வம்சத்தின் ஆட்சியை அங்கு நிலைநாட்டினர். மறு ஆண்டே, 1645 இல், ஹான் இன ஆண்கள் அனைவரும் முன்தலையை மழித்துப் பின்புறம் நீண்ட ஒற்றைப் பின்னல் விட வேண்டும் என்ற ஆணை பிறந்தது. பத்து நாட்கள் அவகாசம். மறுத்தால் மரணம். தலைமயிரை வைத்திருப்பவன் தலையை இழப்பான் என்பதே அந்த ஆணையைப் பற்றி மக்கள் அறிந்து கொண்ட சுருக்கம். ஜியாங்யின், ஜியாடிங் போன்ற நகரங்கள் அதனை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து, பெரும் படுகொலைகளுக்கு உள்ளாகின. நாவிதரின் கத்தி அங்கே அரசின் கருவியாக இருந்தது. சுமார் 266 ஆண்டுகளின் பின், 1911 ஆம் ஆண்டுப் புரட்சியோடுதான் அந்தப் பின்னல் விடைபெறத் தொடங்கியது. கடைசிச் சக்கரவர்த்தியான பூயி தன் பின்னலை வெட்டிக் கொண்டது 1922 இல்.

ஜப்பானில் நிகழ்ந்தது இதற்கு மறுதலையானது. 1871 இல் மெய்ஜி அரசு, ஆண்கள் தமது மரபுக் குடுமியைக் களைந்து மேலைநாட்டவர் போல் வெட்டிக் கொள்ளலாம் என்று அனுமதித்தது. இதனைக் கண்ட பெண்கள் சிலரும் தமது கூந்தலைக் கத்தரித்துக் கொண்டனர். உடனே, 1872 இல், பெண்கள் கூந்தலைக் குட்டையாக வெட்டுவது தடை செய்யப்பட்டது. ஆணுக்கு நாகரிகம், பெண்ணுக்குக் குற்றம்.

இவையெல்லாம் பழங்கதைகள் என்று தள்ளிவிடவும் இயலாது. "டைட்டானிக்" திரைப்படம் 1997 இல் வெளிவந்த பின்னர், அதன் நாயகன் லியனார்டோ டிகாப்ரியோவைப் போல முன்மயிரை நெற்றியில் விழவிட்டு வெட்டிக் கொள்ளும் ஆசை காபூல் இளைஞர்களையும் பற்றிக் கொண்டது. அப்போது அங்கு தலிபான்களின் முதலாவது ஆட்சி. 2001 ஜனவரியில், அவ்வாறு வெட்டிவிட்ட குற்றத்துக்காக நாவிதர்கள் பலர் கைது செய்யப்பட்ட செய்தி உலகெங்கும் வெளியானது. வாடிக்கையாளர் கேட்டதைச் செய்து கொடுத்தார்கள் என்பதே அவர்கள் செய்த குற்றம்.

நாவிதர் "முடியாது" என்றபோது

தலையை இன்னொருவர் தீர்மானிப்பதன் மிகக் கொடிய வடிவத்தைக் காணச் சீனாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. இந்தியாவின் உயர்சாதிகள் சிலவற்றில், கணவனை இழந்த பெண்ணின் கூந்தல் மழிக்கப்பட்டது. கணவனின் முகத்தைக்கூட நன்கு அறியாத குழந்தை விதவைகளும் இதற்குத் தப்பவில்லை. அவள் விரும்புகிறாளா என்று கேட்பார் எவருமிலர். குடும்பத்துப் பெரியவர்கள் நாவிதரை அழைப்பர், அவர் வந்து மழிப்பார், மாதந்தோறும் வருவார்.

1890 இல் பம்பாயில் நாவிதர்கள் கூட்டம் கூட்டி, விதவைகளின் தலையை இனி மழிப்பதில்லை என்று உறுதி பூண்டனர். இந்தியத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் நாராயண் மேகாஜி லோகாண்டே அதற்குப் பின்னின்று உழைத்தார். ஜோதிராவ் பூலேயின் சத்திய சோதக் இயக்கத்தைச் சேர்ந்தவர் அவர். சாத்திரம் கற்ற பலர் பேசாதிருந்த இடத்திலே, கத்தி பிடித்த தொழிலாளர்கள் வாய் திறந்தார்கள். கதிரைக்குப் பின்னால் நிற்பவருக்கும் ஒரு குரல் உண்டு என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

யாழ்ப்பாணத்துக் கதிரை

இனி நமது மண்ணுக்கு வருவோம்.

யாழ்ப்பாணச் சமூகத்தின் குடிமை முறையிலே முடி திருத்துவோர் தாம் விரும்பிய இடத்தில் விரும்பியவருக்குத் தொழில் செய்யும் உரிமை பெற்றவர்களாக இருக்கவில்லை. குறிப்பிட்ட வேளாளக் குடும்பங்களுக்கு வழிவழியாகத் தொண்டு செய்யும் கடப்பாடு அவர்களுக்கு இருந்தது. கூலி பெரும்பாலும் அறுவடைக் காலத்து நெல். வீட்டுக்கு வந்து, வளவிலே மரநிழலில் அமர்ந்து வெட்டிவிட்டுச் செல்ல வேண்டும். நன்மை தீமைகளிலும், குறிப்பாக மரணச் சடங்குகளிலும், அவர்களது பணி இன்றியமையாதது. ஆனால், அவர்கள் வீட்டுக்காரரை "நயினார்" என்றும் "கமக்காரர்" என்றும் விளிக்க, வீட்டுக்காரர் வீட்டுச் சிறுவன் உட்பட அவர்களை ஒருமையில் அழைத்தனர். இத்தகைய உறவிலே நடப்பது உரையாடலன்று; ஏவலும் ஏற்றலுமே.

நகரத்திலே சலூன் வந்தபோது இந்த உறவு சற்று நிலை மாறியது. இடம் தொழிலாளிக்குச் சொந்தம், அல்லது வாடகைக்கு எடுத்தது. வருபவர் அங்கு வந்து காத்திருக்க வேண்டும். அவரவர் முறை வரும்போது கதிரை கிடைக்கும். நெல்லுக்குப் பதிலாகக் காசு. "எப்பிடி வெட்டுறது?" என்ற கேள்வி, இன்று நாம் அறிந்த தொனியிலே, ஒரு தொழில் வல்லுநர் தனது வாடிக்கையாளரிடம் கேட்கும் கேள்வியாக, இங்குதான் பிறந்தது எனலாம்.

எனினும், அந்தக் கேள்வி எல்லோரிடமும் கேட்கப்படவில்லை. "பஞ்சமர்" என்று ஒதுக்கப்பட்டோருள் முடி திருத்துவோரும் அடங்குவர். ஆனால் அவர்களது கடைகளிலேயே ஏனைய ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கதிரை மறுக்கப்பட்டது. அவர்களுக்கு வெட்டினால் உயர்சாதி வாடிக்கையாளர்கள் வரமாட்டார்கள் என்ற அச்சுறுத்தல் கடைக்காரரின் தலைக்கு மேல் தொங்கியது. ஒடுக்கப்பட்டவரைக் கொண்டே ஒடுக்கப்பட்டவரை ஒதுக்கியது நமது சமூகத்தின் சாமர்த்தியம்.

1957 இல் இலங்கைப் பாராளுமன்றம் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சாதியின் பெயரால் உணவகங்களிலும் சிகையலங்கார நிலையங்களிலும் ஒருவருக்குச் சேவை மறுப்பது அதன்படி குற்றமாயிற்று. சட்டம் ஏட்டில் இருந்தது. வழக்கம் வீதியில் இருந்தது. 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து தேநீர்க் கடைகளிலும் ஆலய வாசல்களிலும் நிகழ்ந்த போராட்டங்களுமே சட்டத்துக்கு உயிர் கொடுத்தன. 1971 இல் தண்டனைகளைக் கடுமையாக்கிச் சட்டம் திருத்தப்பட்டது. எப்படி வெட்ட வேண்டும் என்று தன்னிடமும் ஒருவர் கேட்க வேண்டும் என்பதற்காகவும் இந்த மண்ணிலே மனிதர்கள் போராட வேண்டியிருந்தது என்பதை நமது இளைய தலைமுறை அறிந்திருத்தல் நன்று.

இவ்விடத்தில் டொமினிக் ஜீவாவை நினையாதிருக்க முடியாது. 1927 இல் யாழ்ப்பாணத்தில் முடி திருத்தும் குடும்பமொன்றில் பிறந்தவர். பாடசாலையிலே சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்டுக் கல்வியை இடையில் நிறுத்தியவர். கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூனிலே தொழில் செய்தபடியே சிறுகதைகள் எழுதினார். அவருடைய "தண்ணீரும் கண்ணீரும்" தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966 இல் "மல்லிகை" சஞ்சிகையைத் தொடங்கி, ஏறத்தாழ 400 இதழ்களை வெளிக் கொணர்ந்தார். அந்தச் சலூன் எழுத்தாளர்களும் வாசகர்களும் கூடும் இடமாயிற்று. 2021 ஜனவரி 28 இல் அவர் மறைந்தார். படிப்பறிவு உனக்கெதற்கு என்று கேட்ட சமூகம், அவரது கடை வாசலில் இலக்கியம் பேச வந்து நின்றது.

ஜீவாவின் சலூன் தனிச்சிறப்பு வாய்ந்தது. ஆனால், எந்தச் சலூனிலும் ஒரு பத்திரிகையேனும் கிடக்கும். ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கருத்துச் சொல்வார்கள். நாம் எழுதும் தலையங்கம் மக்களிடம் எவ்வாறு போய்ச் சேர்ந்தது என்பதை அறியப் பத்திரிகைக்காரனுக்குச் சலூனைப் போன்ற இடம் வேறில்லை.

சொற்களைத் தேடி

கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. விடை சொல்லச் சொற்கள் வேண்டுமே!

இங்குதான் ஒரு வியப்பு. தமிழிலே கூந்தலை முடிப்பதற்கும் கட்டுவதற்கும் சொற்கள் ஏராளம். கொண்டை, குழல், சுருள், பனிச்சை, அளகம் என்று நிகண்டுகளும் உரைகளும் அடுக்கும். ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்ற பொருளில் பெண்களின் கூந்தலுக்கு "ஐம்பால்" என்றே பெயர் வழங்கியது. ஆனால் வெட்டுவதன் வகைகளுக்குப் பெயர்கள் இல்லை. காரணம் வெளிப்படை. கட்டுவது அவரவர் விருப்பம். வெட்டுவதோ மழிப்பதோ சடங்கு அல்லது தண்டனை. விருப்பம் இல்லாத இடத்தில் வகைப் பெயர்களுக்குத் தேவையில்லை.

ஆகவே, வெட்டும் சொற்கள் கடல் கடந்து வந்தன. "குறொப்" என்ற ஆங்கிலச் சொல் "கிராப்பு" ஆயிற்று. குடுமியா கிராப்பா என்பது தமிழர் மத்தியில் ஒரு காலத்தில் பெரும் விவாதம். குடுமி சைவ அடையாளம் என்றும், மதம் மாறியோர் அதனைக் களைய வேண்டும் என்றும் மிஷனரிமார் பலர் வற்புறுத்தினர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், அது நாட்டு வழக்கமே என்று வாதிட்டு 1867 இல் குடுமி பற்றித் தனியாக ஒரு சிறு நூலே எழுதினார். இரு தரப்பு அறிஞர்களும் வாதிட்டனர். குடுமிக்குச் சொந்தக்காரரின் விருப்பம் அந்த விவாதத்தில் எவ்வளவு தூரம் கேட்டது?

பெண்களுக்கான சொல் பின்னர் வந்தது: "பொப்". அமெரிக்க நடனக் கலைஞர் ஐரீன் காசில் கூந்தலைக் குட்டையாக வெட்டிக் கொண்டு தோன்றியது 1915 அளவில் பெரும் பரபரப்பாயிற்று. முதலாம் உலகப் போரின் பின்னர் அது அலையாகப் பரவியது. ஆனால், பெண்களுக்கான சிகையலங்கரிப்பாளர்களுக்கோ சுருட்டவும் முடிக்கவும்தான் தெரியும். வெட்டத் தெரியாது, சிலருக்கு விருப்பமும் இல்லை. எனவே பெண்கள் ஆண்களின் முடி திருத்தகங்களுக்குச் சென்று வரிசையில் நின்றனர். 1920 இல் ஸ்கொட் ஃபிற்ஸ்ஜெரல்ட் எழுதிய சிறுகதையொன்றில், இளம் பெண்ணொருத்தி ஆண்கள் சூழ்ந்திருக்க நாவிதரின் கதிரையில் அமர்வதே உச்சக்கட்டம். "பொப்" என்ற ஒற்றைச் சொல் நாளடைவில் போதாமற் போயிற்று. பின்கழுத்தை ஒட்டி வெட்டுவது "ஷிங்கிள்". அதனினும் குட்டையாக, ஆண்பிள்ளைகளின் பாடசாலையொன்றின் பெயரால் "ஈற்றன் குறொப்". விருப்பம் பெருகியதும் பெயர்களும் பெருகின.

பெயர்களிலும் ஒரு வில்லங்கம் உண்டு. "ஸ்டெப் கட்" என்று நாம் மனதில் நினைப்பதும் வெட்டுபவர் தமது ஊரில் பழகியதும் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதில்லை. நடிகரின் பெயரைச் சொன்னாலோ, எந்தப் படத்தில் வந்த நடிகர் என்ற கேள்வி எழும்.

இலக்கம் பேசும் மொழி

அந்த வில்லங்கத்தை ஓரளவு தீர்த்தது ஓர் இயந்திரம். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தைச் சேர்ந்த லியோ வால் என்பவர் மின்சார முடிவெட்டி ஒன்றுக்கு 1919 இல் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அத்தகைய இயந்திரத்தில் பொருத்தும் சீப்புகளுக்கு இலக்கங்கள் உண்டு. பரவலாக வழங்கும் முறையில் ஒவ்வோர் இலக்கமும் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கைக் குறிக்கும். இலக்கம் 1 என்றால் சுமார் 3 மில்லிமீற்றர் நீளம் எஞ்சும். 2 என்றால் 6. 4 என்றால் 13. 8 என்றால் 25.

1983 இன் பின்னர் ஆயிரக்கணக்கில் புலம்பெயர்ந்த நம்மவர்களுக்கு இந்த இலக்கங்கள் எவ்வளவு உதவின என்பதை அவர்கள் அறிவர். பிரெஞ்சோ ஜேர்மனோ தெரியாத நிலையில், இரண்டு விரல்களைக் காட்டிக் காதுப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். இதற்கு மேலும் பேச வேண்டியிருந்தோர் தமிழ்ச் சலூன்களைத் தேடிச் சென்றனர். பாரிஸில் லா ஷப்பலிலும், லண்டனில் ஈஸ்ற்ஹாமிலும், ரொறன்ரோவில் ஸ்காபரோவிலும் இன்று அத்தகைய சலூன்கள் உள்ளன. அங்கு போவது மயிர் வெட்டுவதற்கு மட்டுமல்ல; தன் மொழியில் "கொஞ்சம்" என்று சொல்லவும்தான்.

நாம் என்ன விடை சொல்ல வேண்டும்?

வரலாறு கற்பிக்கும் பாடங்களை ஒட்டிச் சிலவற்றைச் சொல்லி முடிக்கலாம்.

முதலாவது, பெயரைச் சொல்வதிலும் அளவைச் சொல்வது மேல். "கொஞ்சம்" என்பதற்குப் பதிலாக, ஒரு விரல் அகலம் வெட்டுங்கள் அல்லது இவ்வளவு மீதியாக இருக்கட்டும் என்று தலையிலேயே தொட்டுக் காட்டுங்கள். வெட்டும் நீளமா எஞ்சும் நீளமா என்பது தெளிவாக இருக்கட்டும். இயந்திரத்தின் இலக்கங்களும் எல்லா நிறுவனங்களிலும் ஒன்றல்ல. புதிய இடமாயின் பெரிய இலக்கத்தில் தொடங்கச் சொல்லுங்கள். மீண்டும் வெட்டலாம், ஒட்ட முடியாது.

இரண்டாவது, எது வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். காது தெரிய வேண்டுமா, நெற்றியில் விழலாமா, வகிடு எந்தப் பக்கம் என்பவை முதலிலேயே பேசப்பட வேண்டியவை. கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுவது எளிது. அதைவிட, உங்களுக்குப் பிடித்தபடி வெட்டப்பட்டிருந்த நாளில் எடுத்த உங்கள் சொந்தப் படத்தைக் காட்டுவது பயன் தரும். நடிகரின் மயிர் நடிகரின் தலையில்தான் அப்படி நிற்கும்.

மூன்றாவது, அவரிடமும் கேளுங்கள். உச்சிச் சுழி எங்கேயிருக்கிறது, எந்தப் பக்கம் மயிர் எழுந்து நிற்கும் என்பது நம் கண்ணுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். ஈரத்தில் நீண்டு தெரியும் சுருள்மயிர், காய்ந்ததும் எவ்வளவு சுருங்கும் என்பதும் அவருக்குத் தெரியும். "இது உங்களுக்குச் சரிவராது" என்று ஒருவர் சொன்னால், கோபிக்காமற் காரணத்தைக் கேட்பதே முறை. ஒருமையில் ஏவி வேலை வாங்கிய காலம் போய்விட்டது. போக வேண்டியதே அது. அவரை "அண்ணை" என்றோ "தம்பி" என்றோ மரியாதையுடன் அழைத்துப் பேசத் தொடங்கினால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பிடிக்கவில்லையென்றால் கதிரையை விட்டு எழுமுன் சொல்லிவிடுங்கள். ஜியாங்யின் நகரத்து ஆண்களுக்கும், பம்பாயின் குழந்தை விதவைகளுக்கும், சலூன் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட நம்மூர் உழைப்பாளிக்கும் அப்படிச் சொல்லும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது. அடுத்த முறை அந்தக் கேள்வி கேட்கப்படும்போது, "வழமை போல" என்று சொல்லிக் கண்ணை மூடிக் கொள்ளாமல், ஒரு நிமிடம் சிந்தித்து விடையளிப்போம்.